பொய்ப் பெயரில் வங்கிக் கணக்கு, மெய்ப் பெயரில் பற்றுச்சீட்டு

தலைமறைவாக இருந்துகொண்டு பத்திரிகை அச்சிடலாம், ஆயுதம் கடத்தலாம், நீதிமன்றம்கூட நடத்தலாம். கடன் வாங்குவதுதான் கஷ்டம். கடன் கொடுத்தவருக்கு ஒரு துண்டு கொடுத்தாக வேண்டும். அந்தத் துண்டு பொலிஸ் கையில் அகப்பட்டால் கொடுத்தவருக்கும் வில்லங்கம், வாங்கியவருக்கும் வில்லங்கம். துண்டே கொடுக்காமல் வாங்கினால் அதற்குப் பெயர் கடன் இல்லை, தண்டல். 1919இல் அயர்லாந்தின் குடியரசு அரசாங்கம் இந்தச் சிக்கலுக்குள்தான் தெரிந்தே காலை வைத்தது.

யாழ்ப்பாணத்தில் அயர்லாந்துப் போராட்டம் பற்றிக் கதைக்கிறவர்கள் அனேகமாகப் பதுங்கித் தாக்கும் அணிகளையும் டப்ளின் உளவு வேலையையும்தான் கதைப்பார்கள். மைக்கேல் கொலின்ஸ் என்றால் எல்லோருக்கும் துப்பாக்கிதான் ஞாபகம். அவர் பகலில் பார்த்த உத்தியோகம் நிதி அமைச்சு. பதினாறு வயதளவில் லண்டனுக்குப் போய்த் தபால் சேமிப்பு வங்கியில் எழுதுவினைஞராக இருந்தவர், பிறகு பங்கு முகவர் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர், அதற்குப் பிறகு நியூ யோர்க் வங்கி ஒன்றின் லண்டன் கிளையில் இருந்தவர். 1917இல் கைதிகளின் குடும்பங்களுக்கான உதவி நிதியின் செயலாளர். ஆக, 1919 ஏப்ரலில் நிதி அமைச்சரானபோது பேரேடு அவருக்குப் புதிதல்ல. திறைசேரிதான் வெறுமையாக இருந்தது.

1918 டிசம்பர் தேர்தலில், குடியரசு கேட்ட ஷின் ஃபெயின் கட்சி அயர்லாந்தின் 105 ஆசனங்களில் 73ஐ வென்றது. வென்றவர்கள் லண்டன் பாராளுமன்றத்துக்குப் போகாமல் 1919 ஜனவரி 21 அன்று டப்ளினில் தங்கள் சொந்தச் சபையை, டொய்லை, கூட்டினார்கள். வரி அறவிடும் இயந்திரம் முழுவதும் பிரித்தானியாவிடம். அந்த நிலையில் ஒரு அரசாங்கத்துக்கு இருந்த ஒரே வருமானவழி சனத்திடம் கடன் கேட்பது.

உள்நாட்டுக்கு முதலில் வைத்த இலக்கு 2,50,000 பவுண். ஆகக் குறைந்தது ஒரு பவுண். வட்டி ஆண்டுக்கு 5 வீதம். ஒரு பவுண் என்ற கீழ் எல்லையில்தான் இந்தத் திட்டத்தின் மூளை இருக்கிறது. பணக்காரர் பத்துப் பேரிடம் கேட்டிருந்தால் வேலை சுலபம், ஆனால் அந்தப் பத்துப் பேரைப் பிடித்தால் கடன் முடிந்தது. லட்சம் பேர் ஒவ்வொரு பவுணாகக் கொடுத்தால் ஆரைப் பிடிப்பது? அதோடு, கொடுத்த ஒவ்வொருவருக்கும் இந்த அரசாங்கம் நிலைத்து நிற்பதில் ஒரு பவுண் அக்கறை வந்துவிடும். தேர்தல் வாக்கைவிட அது உறுதியான கட்டு.

கொலின்ஸின் அலுவலகம் 30 லட்சம் துண்டுப்பிரசுரங்களையும் 4 லட்சம் கடன் விளக்கக் கையேடுகளையும் அச்சிட்டது. தனித்தனியாக 50,000 பேருக்குக் கடிதம் போனது. பத்திரிகை விளம்பரம்தான் முதலில் அடிவாங்கியது. கடன் அறிவித்தலைப் போட்ட பத்திரிகைகளைப் பிரித்தானிய நிர்வாகம் வரிசையாக மூடியது. 1919 செப்டெம்பரில் கொர்க் எக்ஸாமினர் போன்ற பெரிய பத்திரிகைக்கே அந்தக் கதி. அதே மாதம் டொய்லையே சட்டவிரோத அமைப்பாக அறிவித்தார்கள். பத்திரிகையை மூடியது வேறு விதமாக வேலை செய்தது: கடன் ஒன்று இருப்பது தெரியாதிருந்தவர்களுக்கும் தெரிந்துவிட்டது. மூடும் உத்தரவை வாசித்தே விண்ணப்பம் தேடியவர்கள் இருந்திருப்பார்கள்.

ஒரு சின்னத் திரைப்படமும் எடுத்தார்கள். 1803இல் தூக்கிலிடப்பட்ட கிளர்ச்சித் தலைவர் ரொபேர்ட் எமெற்றின் தலையைத் துண்டித்த கட்டை என்று சொல்லப்பட்ட மரக்கட்டையை மேசையாக வைத்து, கொலின்ஸ் உட்கார்ந்து சான்றிதழில் கையெழுத்திட, 1916 கிளர்ச்சியில் கொல்லப்பட்டவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் வந்து வாங்குகிறார்கள். படமாளிகைக்குள் தொண்டர்கள் போவார்கள், இயக்குபவருக்குத் துப்பாக்கியைக் காட்டி இந்தச் சுருளைப் போடச் சொல்வார்கள், பொலிஸ் வருமுன் சுருளோடு போய்விடுவார்கள். தேடப்படும் ஒரு நிதி அமைச்சர் தன் முகத்தைத் திரையில் காட்டியது புத்தியான காரியமா என்று கேட்டால், என் அபிப்பிராயத்தில் இல்லை. ஆனால் கடன் வாங்குகிறவன் முகம் காட்டாமல் எப்படிக் காசு கேட்பது என்ற கேள்விக்கும் பதில் இல்லை.

இனி முக்கியமான இடம், காசு கைமாறும் வழி. தேர்தல் தொகுதிதான் அலகு. அந்தத் தொகுதியின் உறுப்பினரும் கட்சியின் வட்டாரக் குழுவும் பொறுப்பு. கீழே ஊர்ச் சேகரிப்பாளர். அவர் வீடுவீடாகப் போய் விண்ணப்பப் படிவத்தையும் காசையும் வாங்கி மேலே கொடுப்பார். டப்ளினில் பெயர், முகவரி, தொகை பேரேட்டில் ஏறும். பற்றுச்சீட்டு அதே வழியால் திரும்பி வரும். தபாலை நம்ப முடியாது, ஏனென்றால் உறைகளை உடைத்துப் பார்ப்பார்கள். அதனால் கடுதாசியும் காசும் பெரும்பாலும் ஆள் கையில், ரயில் ஊழியர் கையில், வியாபாரத்துக்குப் போய்வருகிறவர் கையில் போயின.

எங்கே பிழைத்தது? முதலாவது, காசு வந்தது, படிவம் வரவில்லை. சேகரிப்பாளர் கைதானால் அவர் சட்டைப்பையில் இருந்த பட்டியலும் போனது. பயத்தில் பட்டியலை அடுப்பில் போட்டால் இருபது பேரின் காசு பெயரில்லாமல் நிற்கும். இரண்டாவது, சோம்பல். ஒரு தொகுதி மளமளவென்று அனுப்ப, பக்கத்துத் தொகுதி மாதக்கணக்கில் மூச்சுவிடாது. கொலின்ஸ் அமெரிக்காவில் டொய்லின் தூதராக இருந்த ஹரி போலண்டுக்கு எழுதிய கடிதங்களில் இந்தக் கடன் வேலையே தன் மனதை உடைத்துவிடும் என்று நொந்திருக்கிறார். பொலிஸைப் பற்றியல்ல, சொந்த ஆட்களின் சாட்டுப்போக்கைப் பற்றித்தான் அந்த நோவு. மூன்றாவது, மேலிருந்து பற்றுச்சீட்டு பிந்தினால் ஊரில் சேகரிப்பாளரின் பெயர் கெடும். ஒரு வீட்டுக்குத் துண்டு வராவிட்டால் அடுத்த பத்து வீடு கதவைத் திறக்காது. ஒவ்வொரு பவுணுக்கும் கையொப்பமிட்ட துண்டு போகவேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் நேர்மை மட்டுமல்ல, அடுத்த பவுணும்தான்.

ஆனால் அதே பிடிவாதம் அலுவலகத்தை ஆபத்தாக்கியது. 1,30,000 பேருக்கும் மேல் கொடுத்திருக்கிறார்கள். அத்தனை பெயரும் முகவரியும் எங்கேயோ ஒரு இடத்தில் தாளில் இருந்தாக வேண்டும். 1919 செப்டெம்பரில் ஹார்கோர்ட் வீதி 6ஆம் இலக்கத்தில் தேடுதல். இடம் மாற்றினார்கள். நவம்பரில் அதே வீதி 76ஆம் இலக்கத்தில் தேடுதல், ஊழியர் பலர் கைது. கொலின்ஸ் கூரைச் சாளரத்தால் ஏறித் தப்பினார். அங்கே கட்டடத் தொழில் செய்த பற் ஓகொனர் சுவருக்குள் மறைவறை செய்து வைத்திருந்தார், முக்கியமான தாள்கள் அதற்குள் இருந்தன. பிறகு வேலை பல சிறு இடங்களாகப் பிரிந்தது. அறை ஒன்று அகப்பட்டால் முழுக் கணக்கும் அகப்படக்கூடாது என்பதே இதன் சூத்திரம். இதன் விலை, ஒரு சின்னக் கேள்விக்குப் பதில் தேட மூன்று இடம் அலைவது.

சேர்ந்த பணத்தை வீட்டில் வைக்க முடியாது. வங்கியில் டொய்லின் பெயரில் வைக்கவும் முடியாது. அதனால் நம்பிக்கையான தனியாட்களின் பெயர்களில், பல வங்கிகளில் பிரித்து வைப்புச் செய்தார்கள். மன்ஸ்டர் அண்ட் லெய்ன்ஸ்டர் வங்கியும் ஹைபேர்னியன் வங்கியும் இதில் முக்கியமானவை. வெளியில் பார்த்தால் ஆரோ ஒரு கடைக்காரரின் நிலையான வைப்பு. உள்ளே பார்த்தால் அரசாங்கத்தின் காசு. எந்தப் பெயரில் எவ்வளவு என்ற திறப்பு டப்ளினில் ஒருசிலரின் கையில் மட்டும். தலைப்பில் சொன்ன பிரிப்பு இதுதான்: கடன் கொடுத்தவரின் பெயர் மெய், வைப்பாளரின் பெயர் பொய். இரண்டு பட்டியலும் ஒருநாளும் ஒரே மேசையில் இருக்கக்கூடாது.

இந்த ஏற்பாட்டில் ஓட்டை வங்கி முகாமையாளர்தான். அவருக்குத் தெரியாமல் இருக்காது. அதைச் சரியாகப் பிடித்தவர் அலன் பெல் என்ற வயதான நீதவான். நாற்பது வருடத்துக்கு முந்திய காணிப் போராட்டக் காலத்தின் காசுவழிகளை ஆராய்ந்த அனுபவம் அவருக்கு இருந்தது. 1887ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, குற்றவாளி என்று ஆரையும் பெயர் சொல்லாமலே சாட்சிகளை மூடிய அறையில் அழைத்துச் சத்தியத்தில் விசாரிக்க இடம் கொடுத்தது. 1920 மார்ச்சில் பெல் வங்கி முகாமையாளர்களை அந்தச் சட்டத்தின் கீழ் அழைக்கத் தொடங்கினார். ஆயுதத்தைத் தேடிய பொலிஸைவிட இந்த மனிதர் ஆபத்து. முகாமையாளர் வாய் திறந்தால் மறைவறையும் கூரைச் சாளரமும் பயனில்லை.

மார்ச் 26 காலை, பெல் நகரத்துக்கு வரும் ட்ராமில் இருந்தார். கொலின்ஸின் ஆட்கள் பயணிகள் முன்னிலையில் அவரை இறக்கி வீதியில் சுட்டுக் கொன்றார்கள். விசாரணை அதோடு படுத்தது. கணக்குப் புத்தகத்தைக் காக்க ஒரு கிழவரைக் கொன்றது என்று எழுதினால் சிலருக்குக் கோபம் வரும். நடந்தது அதுதான். கடனைத் தனியாகவும் கொலையைத் தனியாகவும் எழுதுகிற வரலாறுகள் இரண்டுக்கும் இடையிலுள்ள இந்த ட்ராம் பாதையைத் தாண்டிப் போய்விடுகின்றன.

பொய்ப் பெயர் வைப்பு நீண்டகாலத்துக்கு உதவாது என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது. அதனால்தான் தேசியக் காணி வங்கி. கடன் பணத்தில் பெரிய பகுதியை அதற்குள் போட்டார்கள். கூட்டுறவு முறையில், பிரித்தானியச் சட்டத்தின் கீழேயே பதிவு செய்த வங்கி. டப்ளினில் லீசன் வீதியில் பெயர்ப்பலகையோடு திறந்தது. அதன் வேலை, காணி வாங்கும் விவசாயிகளின் சங்கங்களுக்குக் கடன் கொடுப்பது. தேடுதலில் பறிக்கக்கூடிய காசு இதனால் காணி ஈடாக மாறிவிடுகிறது. நூறு விவசாயிகளின் ஈட்டை எந்த இராணுவம் பறிமுதல் செய்யும்? காணிச் சண்டையும் ஓரளவு தணிந்தது. முழுத் திட்டத்திலும் ஆகக் கெட்டித்தனமான பகுதி இதுதான் என்பேன். வங்கி பிழைத்து நின்றது. பின்னர் 1926இல் பாங்க் ஒஃப் அயர்லாந்து அதை வாங்கியது.

தங்கத்தின் கதை எங்கள் வாசகர்களுக்குப் பிடிக்கும். முதலாம் உலகப் போர் தொடங்கியதோடு தங்கப் பவுண் புழக்கத்திலிருந்து மறைந்து பெட்டிகளுக்குள் போய்விட்டது. கடன் கொடுத்தவர்களிடம் முடிந்தால் தங்கமாகத் தரும்படி கொலின்ஸ் கேட்டார். ஏறக்குறைய 25,000 பவுண் பெறுமதி தங்கமாகச் சேர்ந்தது. நாங்கள் இன்றும் நகைக்கடையில் சொல்கிற பவுண் அந்த நாணயத்தின் நிறைதான், 8 கிராமுக்கு ஒரு சொட்டுக் குறைவு. ஆக 25,000 பவுண் என்றால் ஏறத்தாழ 200 கிலோ. ஒருவர் சந்தேகம் வராமல் ஒரு பையில் 15 கிலோ தூக்கினாலும் 14 நடை. வங்கிக்குக் கொண்டுபோனால் எங்கிருந்து இவ்வளவு தங்கம் என்று கேள்வி வரும். எனவே பற் ஓகொனர் டொனிபுரூக் பகுதியில் இருந்த தன் வீட்டு நிலத்துக்கு அடியில் புதைத்தார். நான்கு பெட்டிகள், அவற்றோடு குழந்தைகளுக்கான சிறிய சவப்பெட்டி ஒன்று. வீடு பலமுறை சோதிக்கப்பட்டது, நிலம் கிளறப்படவில்லை. 1922 வரை அங்கேயே கிடந்து முழுதாக வெளியே வந்தது. 1990இல் புலிகளுக்கு வீட்டுக்கு இரண்டு பவுண் கொடுத்துத் துண்டு வாங்கிவைத்த குடும்பங்கள் இந்தப் பந்தியை எப்படி வாசிக்கும் என்று எனக்குத் தெரியும், அதைப் பற்றி இங்கே மேலே எழுதப்போவதில்லை.

உள்நாட்டுக் கடன் 1920 ஜூலையில் மூடப்பட்டபோது 3,71,000 பவுணுக்கும் மேல் சேர்ந்திருந்தது, இலக்கின் ஒன்றரை மடங்கு அளவு. ஆளுக்குச் சராசரி மூன்று பவுணுக்கும் குறைவு. மன்ஸ்டர் மாகாணம் மட்டும் ஏறத்தாழ அரைவாசியைக் கொடுத்தது. பிரித்தானியா கைப்பற்றியது இதில் சின்னப் பங்குதான்.

உள்ளூராட்சிச் சபைகளின் கதை இவ்வளவு அழகில்லை. 1920 கோடையில் பெரும்பாலான மாவட்டச் சபைகள் டொய்லுக்கு விசுவாசம் அறிவித்தன. பிரித்தானியா மானியத்தை நிறுத்தியது. அதற்கு மேலே, எரிக்கப்பட்ட பொலிஸ் நிலையங்களுக்கும் சேதங்களுக்கும் நஷ்டஈட்டை நீதிமன்றங்கள் சபைகளின் தலையில் சுமத்தின. சபையின் பெயரில் வங்கியில் காசு இருந்தால் நீதிமன்ற உத்தரவால் நேரே உறிஞ்சலாம். எனவே சபையின் பொருளாளராக இருந்த வங்கியை விலக்கி, இறைவரிக் காசைத் தனியாட்களின் பெயரில் வைத்தார்கள். இங்கேதான் மத்திய கடனுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரிகிறது. அங்கே கொலின்ஸின் கண் இருந்தது. இங்கே வரி அறவிடுவோர் சிலர் அறவிடுவதை நிறுத்திவிட்டார்கள், சிலர் அறவிட்டதைத் தாமே வைத்துக்கொண்டார்கள். கேட்க நீதிமன்றம் போக முடியாது, போனால் காசு இருக்கும் இடம் வெளியே வரும். வைத்தியசாலைகளும் ஏழை விடுதிகளும் காசில்லாமல் தவித்தன.

அமெரிக்கா முற்றிலும் வேறு உலகம். அங்கே ஒளிக்கத் தேவையில்லை, ஆனால் சட்டம் குறுக்கே நின்றது. அங்கீகாரம் பெறாத அரசாங்கத்தின் பிணைமுறியை விற்றால் மோசடிச் சட்டத்துக்குள் மாட்டவேண்டி வரும். எனவே விற்றது பிணைமுறி அல்ல, பிணைமுறிச் சான்றிதழ். குடியரசுக்குச் சர்வதேச அங்கீகாரம் கிடைத்து ஒரு மாதத்தில் இதைக் கொடுத்துத் தங்கப் பிணைமுறி வாங்கலாம் என்றும், பிரித்தானிய இராணுவக் கட்டுப்பாடு நீங்கியபின் ஏழாவது மாதத்தின் முதல் நாளிலிருந்து 5 வீத வட்டி ஓடும் என்றும் அதில் எழுதியிருந்தது. நாடு விடுதலையாகாவிட்டால் ஒரு சதமும் இல்லை என்பதற்கு இதைவிட மரியாதையான வசனம் கிடையாது.

சான்றிதழ்கள் 10 டொலரிலிருந்து 10,000 டொலர் வரை. 1920 ஜனவரியில் விற்பனை தொடங்கியது, இலக்கு ஒரு கோடி டொலர். டொய்ல் அரசாங்கத்தின் தலைவர் டி வலேரா ஊரூராகப் பேசினார், லிமெரிக் வியாபாரி ஜேம்ஸ் ஓமாரா விற்பனை அமைப்பை நடத்தினார். 51 லட்சம் டொலர் அளவில் நின்றது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாங்கினார்கள். அமெரிக்க ஐரிஷ் தலைவர்களோடு டி வலேரா பட்ட சண்டை விற்பனையைப் பல இடங்களில் கெடுத்தது. காசு அயர்லாந்துக்கு வந்தது உண்டியல் முறையில் அல்ல, முறையான வங்கி வரைவுகளாக, அரசியல் சம்பந்தம் தெரியாத பெயர்களுக்கு. இதற்கிடையில் போலண்ட் நியூ யோர்க்கில் இருந்த சோவியத் பிரதிநிதிக்கு 20,000 டொலர் கடன் கொடுத்து, ரஷ்ய அரச நகைகள் சிலவற்றை ஈடாக வாங்கினார். அந்த நகைகள் டப்ளினில் அவருடைய தாயாரின் வீட்டில் 1938 வரை இருந்தன. கடனைக் கட்டி மொஸ்கோ அவற்றை மீட்டது அதற்கும் பிறகு.

அமெரிக்கப் பணத்தில் 25 லட்சம் டொலர் அளவு செலவாகாமல் நியூ யோர்க் வங்கிகளில் கிடந்தது. 1922இல் பிரித்தானியாவோடு செய்த உடன்படிக்கையை ஏற்பதா இல்லையா என்று இயக்கம் இரண்டாக உடைந்ததும் அது ஆருடையது என்ற கேள்வி வந்தது. புதிய சுதந்திர அரசு தனக்கு என்றது. டி வலேரா பக்கம் தமக்கு என்றது. 1927இல் நியூ யோர்க் நீதிமன்றம் இருவருக்கும் இல்லை, சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கே திருப்பிக் கொடு என்றது. செலவு போக டொலருக்கு 58 சதம் வந்தது. உள்நாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுக்க டப்ளின் 1924இலேயே சட்டம் இயற்றியிருந்தது. அங்கே கொடுத்தவர்களின் பேரேடு இருந்தது.

டி வலேரா அமெரிக்காவுக்குப் போய், வரவிருக்கும் பணத்தைத் தன் பெயருக்கு மாற்றி எழுதித் தரும்படி சான்றிதழ்காரரைக் கேட்டார். பலர் கையெழுத்திட்டார்கள். 1931இல் ஐரிஷ் பிறெஸ் பத்திரிகை தொடங்க அது கைகொடுத்தது, கட்டுப்பாட்டு இயக்குநர் டி வலேராவேதான். 1933இல் ஆட்சியில் இருந்த அவருடைய அரசாங்கம், முன்பு கிடைத்த 58 சதத்தோடு சேர்த்து டொலருக்கு ஒன்றேகால் டொலர் வரும்படி மிச்சத்தை அரச பணத்திலிருந்து கட்டச் சட்டம் கொண்டுவந்தது. வரிப்பணத்தைச் சொந்தப் பத்திரிகைக்குத் திருப்புகிறார் என்று எதிர்க்கட்சி சபையில் கத்தியது. சான்றிதழைத் தன் கையில் வைத்திருந்த அமெரிக்கருக்கு அந்தப் பணம் போனது. மாற்றி எழுதிக் கொடுத்தவரின் பங்கு பத்திரிகைக்குப் போனது.